வேட்டிக் கரையை மட்டும் பார்த்தவனுக்கு

தம்பி,

கடிதம் என்றால் உறையில் போட்டு ஒட்டி அனுப்புவார்கள். இதை நான் ஒட்டப் போவதில்லை. நீ அந்த வீடியோவை எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டாயோ, அந்தந்தக் குழுவில் எல்லாம் இதையும் போடப் போகிறேன். நம் தெருக் குழு, நெசவாளர் குழு, சொந்தக்காரர் குழு, உன்னோடு படித்த பிள்ளைகளின் குழு, ஒன்றையும் விடுவதாக இல்லை. ஊர் பார்க்க ஒரு காரியத்தைச் செய்தவனை அறைக்குள் கூப்பிட்டு வைத்துக் குசுகுசுவென்று பேச எனக்கு இஷ்டமில்லை. தனியாகப் பேசியும் பார்த்தாயிற்று. நான் பேசப் பேச நீ போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, போனிலேயே படி.

நேற்று உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எடுத்து வைக்கலாம் என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் குலதெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் உன் கட்சித் தலைவர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படவேட்டு அம்மன் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. அதையும் பொறுத்துக்கொண்டேன். உள்ளே 'தலைமை' என்று உன் மாவட்டச் செயலாளர், 'முன்னிலை' என்று ஒன்றியம், நகரம், வட்டம் என்று ஒரு பட்டாளம். கடைசியில் சொந்தக்காரர்கள். பெரியப்பா பெயர் இருந்தது, சித்தப்பா பெயர் இருந்தது, கல்யாணத்துக்கு வருவாரா என்றே தெரியாத உன் அப்பாவின் பங்காளி பெயர்கூட இருந்தது. என் அண்ணன் பெயர் இல்லை. உன் தாய்மாமன் பெயர் இல்லை. அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்று நினைத்துத்தான் உன்னைக் கேட்டேன். நீ தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "பிழை இல்லம்மா. மாமா பேரு இருந்தா அண்ணன் மேடை ஏற மாட்டாரு."

அண்ணன் என்று நீ சொன்னது அந்த மாவட்டச் செயலாளரை. எனக்கு அண்ணன் என்றால் ஒருவர்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தேர்தலுக்கு முன்னால் உனக்குப் பெண் பார்த்து, வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முடிவானது. பார்த்து முடித்தவர் மாமாதான். முகூர்த்தப் புடவையைப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும் என்று நான் சொன்னேன். பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு, வரப்போகிற மருமகளுக்கு நாமே ஒரு நிறத்தைத் தலையில் கட்டக் கூடாது. மாமா செய்வது புடவை வியாபாரம். நம் தறியில் இறங்கியது ஒன்று, பக்கத்துத் தறிகளில் இறங்கியது சில என்று ஐந்தாறு புடவைகளைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பினார். இடுப்பில், உன் கட்சிக்கு எதிரான அவருடைய கட்சியின் கரை போட்ட வேட்டி. நான் வாசலில் நிறுத்தி, "ணா, எலெக்சன் நேரம். கரை இல்லாத வேட்டி ஒண்ணு கட்டிகினு போயேன்" என்றேன். "வாலிபத்துலேர்ந்து கட்டிகினு இருக்கேன். சம்பந்தி வூட்டுக்குப் போவ இத்த எதுக்கு அவுக்கணும்? நான் இன்னா திருடவா போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வறட்டுப் பிடிவாதம் நம் வீட்டு ரத்தம். உனக்கும் இருக்கிறது.

பெண் வீட்டில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். புடவையை எடுத்தார். அடுத்து என்ன நடக்கும் என்று பட்டோடு பிழைக்கிற எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். டியூப் லைட் வெளிச்சத்தில் பட்டின் நிறம் பொய் சொல்லும். அரக்கு கறுப்பாகத் தெரியும், மாம்பழ நிறம் வெளுத்துத் தெரியும். அதனால் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய், மடிப்பைப் பிரித்து, வெயிலில் காட்டி வாங்குவதுதான் வழக்கம். மாமாவும் அதைத்தான் செய்தார். தெருவில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பெண், அவள் அம்மா, அத்தைமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். அந்த வழியாக வண்டியில் போன உன் கட்சிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து அதைப் படம் பிடித்தான். உனக்கு அனுப்பினான். நீ செய்யாறு கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், இறங்குவதற்குள் அதற்கு ஒரு டப்பாப் பாட்டைச் சேர்த்து, 'பட்டைக் கொடுத்து ஓட்டைப் பறிக்கும் கும்பல்' என்று எழுதி, எல்லாக் குழுவிலும் போட்டாய்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஓட்டுக்குக் கொடுக்கிறவன் மடிப்பைப் பிரித்து வெயிலில் காட்டுவானா? நிறம் பிடித்திருக்கிறதா, இல்லை வேறு எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பானா? தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நீ. வெளியூர்க்காரன் ஏமாந்தால் மன்னிக்கலாம். அந்த வீடியோவை முழுதாக ஒருமுறை பார்த்திருந்தாலே அது வியாபாரம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. அப்புறம் நான் கத்தியபோது நீ சொன்னாயே, "முகம் எங்கம்மா தெரிஞ்சிது? கரைதான தெரிஞ்சிது" என்று, அந்தப் பதிலை நான் மறக்க மாட்டேன். வேட்டியின் கரை உனக்குத் தெரிந்தது. அந்த முதுகு தெரியவில்லை. படவேட்டில் உனக்குக் காது குத்தும்போது உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் அவர். பயத்தில் அவர் வேட்டியை நனைத்தாய். அன்றும் கட்சி வேட்டிதான். தன் கட்சிக்கு எதிராக நம் குடும்பத்தில் நடந்த முதல் போராட்டம் அதுதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்துக்கு அவர் வண்டியில், அந்த முதுகைக் கட்டிக்கொண்டுதான் போனாய். அந்த முதுகு உனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த வீடியோவைப் பார்த்துத் தேர்தல் பறக்கும் படை வந்தது. தறியிலிருந்து இறங்கிய புடவைக்கு ரசீது ஏது? மூட்டையைக் கட்டி, முத்திரை வைத்து, தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அவர்களுடைய வேலையைச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெண்ணின் அப்பாவைத் தெருவில் நிற்க வைத்து, எத்தனை புடவை வாங்கினாய், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதாகச் சொன்னாய் என்று கேட்டார்களாம். ஊரே வேடிக்கை பார்த்திருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை காட்டப் போன இடத்தில் உன் மாமனாருக்கு நடந்த மரியாதை அது. தேர்தல் முடிந்து, சாட்சி சொல்லி, அலைந்து திரிந்து, புடவைகளைத் திரும்ப வாங்கினோம். அவள் ஆசையாகத் தொட்டுப் பார்த்த அரக்குப் புடவை மடித்த மடிப்பிலேயே கோடு விழுந்து வந்தது.

நீ தவறு செய்தாய் என்பதற்காக மட்டும் இவ்வளவு கோபம் வராது. அவசரத்தில் எவனும் தவறு செய்வான். அது மாமா என்று தெரிந்த பிறகும் நீ அதை எடுக்கவில்லை பார், அதற்குத்தான் கோபம். எடுத்துவிடு என்று உன் அப்பா கேட்டார். கேட்டுக்கேட்டுத் தொண்டை வறண்டது. "இப்ப எடுத்தா நம்ம தப்ப ஒத்துகின மாரி ஆயிடும்பா. எதிர்க்கட்சிக்காரன் அத்தையே பிடிச்சிக்குவான்" என்றாய். கொஞ்ச நாளில் உனக்கு நகரத் தகவல் தொழில்நுட்ப அணியில் துணை அமைப்பாளர் பதவி வந்தது. அட்டை அடித்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாய். அந்த அட்டையில் உன் பெயர் பெரிதாக இருந்தது. அது என் அண்ணனின் மானத்தை விற்று வந்த பதவி என்று அன்றே சொல்லியிருப்பேன். கல்யாணக் காரியம் கெட்டுவிடும் என்று உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் கல்யாணப் பெண் எனக்குப் போன் செய்தாள். கொஞ்ச நேரம் ஜாக்கெட் தைப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அத்த, அந்த வீடியோவுல புடவயத் தொட்டுகினு இருக்கிறது என் கைதான். அத்த எடுத்துடச் சொல்லி அவருகிட்ட கேட்டேன். அரசியல்ல இதெல்லாம் சகஜம்னு சொல்றாரு. எங்கப்பா இன்னும் டீக்கடைப் பக்கம் போறதில்ல அத்த." போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் நின்று அழுதேன். உன் மனைவியாக வரப்போகிறவள் தன் கையை உன் வீடியோவில் பார்க்கிறாள். அவள் வந்து கேட்டும் அது உனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கட்சி என்பது இந்த அளவுக்கு ஒருவனின் கண்ணைக் கட்டும் என்றால், அந்தக் கட்சி எந்தக் கட்சியாக இருந்தால் எனக்கு என்ன?

இதைப் படித்துவிட்டு, மாமா கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று உன் கூட்டம் சொல்லும். அந்தக் கட்சி யோக்கியதையையும் சொல்கிறேன். வீடியோ ஊரைச் சுற்றிய அன்றே, சாயந்திரம் விளக்கு வைப்பதற்குள், 'அவர் எங்கள் கட்சியில் எந்தப் பொறுப்பிலும் இல்லை' என்று ஓர் அறிக்கை வந்தது. வயசெல்லாம் கொடி கட்டி, சுவரில் எழுதி, தலைவர் வருகிறார் என்றால் வெயிலில் காத்துக் கிடந்து, அடுத்த கட்சிக்காரன் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேச்சை நிறுத்திய முட்டாள் என் அண்ணன். அவரை விசாரிக்கக்கூட இல்லை. என்ன நடந்தது என்று ஒரு போன் இல்லை. அந்த அறிக்கையை அவருக்குப் படித்துக் காட்டியவன் நம் தெருப் பையன். மாமா அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், "சரிதாம்மா, கட்சிக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுல்ல" என்றார். எனக்கு அவரையே நாலு வார்த்தை திட்டலாம் போலிருந்தது. திட்டவும் செய்தேன். கழுத்தில் கத்தி வைத்தவனுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிற இந்தப் புத்தியை உங்கள் இரண்டு பேருக்கும் யார் ஏற்றினார்களோ தெரியவில்லை. உன் வயதில் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே நீ இருக்கிறாய். அவர் வயதில் நீ எப்படி இருப்பாய் என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்.

உன் கட்சிக்கும் மாமா கட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை உன் அப்பா ஒரே வாக்கியத்தில் சொன்னார். கல்யாணத்துக்கு உன் கட்சிக் கரை போட்டு ஓர் அங்கவஸ்திரம் நெய்து தரச் சொன்னாய் அல்லவா? அவர் தறியின் பாவு நூலில் நிறத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாத்து நெய்யணும்மே. நடுவுல ஒரு கோடு கூடிப்போச்சுன்னா மச்சான் கட்சி ஆயிடும்." வாழ்க்கையில் அரசியல் பேசாத மனிதர் அவர். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. அந்த ஒரு கோட்டுக்காகத்தான் நீ என் கூடப் பிறந்தவரைப் பத்திரிகையிலிருந்து எடுத்தாய்.

இரண்டு கட்சி வேட்பாளரும் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். இருவரும் தறியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உன் ஆள் காலையில் வந்தார். காலால் அழுத்தும் மிதி எது, குறுக்கே ஓடும் நாடா எது என்று தெரியாமல் இழுத்தார், இழை அறுந்தது. நீ கை தட்டினாய். அடுத்த நாள் மாமா தன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் இழுத்தார், அவரும் அறுத்தார், மாமா கை தட்டினார். இரண்டு நாளும் அறுந்த இழைகளை உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர் உன் அப்பா. பட்டு நூல் விலை ஏறுகிறது என்று இரண்டு பேரிடமும் சொன்னார். இரண்டு பேரும் 'கட்டாயம் பார்க்கிறோம்' என்றார்கள். யார் ஜெயித்தார்கள் என்று நூல் விலைக்குத் தெரிந்ததாக எனக்குப் படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நீ மறுக்க முடியாது. உன் மாவட்டச் செயலாளர் தன் பெண்ணை யாருக்குக் கொடுத்திருக்கிறார்? மாமாவின் கட்சியில் பெரிய பொறுப்பில் இருந்தவரின் தம்பி மகனுக்கு. அந்தக் கல்யாணத்துக்குப் புடவை கொடுத்த கடைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்தவள் நான். கடைக்காரம்மாவோடு நானும் போயிருந்தேன். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவர் வாயில் ஒருவர் ஜாங்கிரி ஊட்டிக்கொண்டார்கள். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டினார், சித்தப்பன் சீர் செய்தார், எந்தக் குறையும் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் கட்சி வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டது. நம் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் அது மணையில் ஏறி உட்கார்ந்து, தாய்மாமனை வெளியே போ என்கிறது. இதில் யார் பைத்தியக்காரர்கள் என்று நீயே சொல்.

அரசியலே வேண்டாம் என்று சொல்கிற தாய் இல்லை நான். வீட்டோடு கிட, கம்பெனிக்குப் போ, வா, என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. நம் தெருச் சாக்கடை வீட்டுக்குள் வந்தபோது ஆட்களைத் திரட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போய் நின்றாயே, அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நானும் ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறேன். யாருக்கு என்று உன் அப்பாவுக்கே சொன்னதில்லை. போட்டுவிட்டு வந்தபின் ஜெயித்தவனையும் நம்புவதில்லை, தோற்றவனையும் நம்புவதில்லை. நீயும் உன் கட்சிக்கு ஓட்டுப் போடு, வேலை செய். ஆனால் அடுத்த கட்சிக்காரன் அனுப்பியதை நம்பாமல் இருப்பது பெரிய சாமர்த்தியமில்லை. உன் ஆள் அனுப்புகிறான், கேட்கக் கேட்க உனக்கு இனிக்கிறது, அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். அந்த வீடியோ உனக்கு இனித்தது. அதனால்தான் நீ அதை முழுதாகப் பார்க்கவில்லை.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வீடியோவை எடு. எடுத்தால் போதாது, நடந்தது இதுதான், அவர் என் மாமா, அது என் கல்யாணப் புடவை என்று உன் பெயர் போட்டு, அதே குழுக்களில் எழுது. வெம்பாக்கம் போய் உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு அந்த டீக்கடையில் உட்கார்ந்து டீ குடி. பத்திரிகையைத் திரும்ப அடி. உன் மாவட்டச் செயலாளர் வந்தால் வரட்டும், வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும். மாமா பெயரைப் பார்த்து வரவில்லை என்றால் ஓர் இலை மிச்சம். மாமா எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்று நினைக்காதே. "அவன் வந்து கூப்பிடாத நான் வரமாட்டேன். அவன் வூட்டு வாசல் எனக்கு வாணாம்" என்கிறார். அவர் கோபம் நியாயம். அதைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மணையில் நீ உட்கார்ந்திருக்கும்போது, பட்டம் கட்ட தாய்மாமன் வரலாம் என்று குரல் கொடுப்பார்கள். மேளக்காரன் நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பான். மண்டபமே பார்க்கும். அந்த நேரத்தில் நீ யாரைப் பார்ப்பாய்? உன் அண்ணனையா? அவருக்கு உன் பெயரே பத்திரிகையைப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் என்னைத் தேட வேண்டாம். காலையில் நீ கம்பெனி பஸ் ஏறிய பிறகு, நாலு புடவையை எடுத்துக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் தடுக்கவில்லை, என் பையை வண்டியில் வைத்துக் கொடுத்தார். இங்கே அண்ணி சீர்த் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நீ வந்து மாமாவைக் கூப்பிட்டால், மாமன் சீர் வரும்போது அதில் ஒரு தட்டை நான் தூக்கிக்கொண்டு, அவர் பின்னால் உன் மண்டபத்துக்குள் நடந்து வருவேன். கூப்பிடாவிட்டால், உன் கல்யாணத்தன்று பெற்றவளுக்கு என்று போட்டிருக்கும் நாற்காலியில் எந்தக் கட்சிக்காரனை வேண்டுமானாலும் உட்கார வைத்துக்கொள்.

அம்மா